ஒப்பந்தத்தில் நாய்க்கும் ஒரு வரி

புதுக்கோட்டை மாவட்டத்தின் பொன்னமராவதியில் வாடகை வீடு தேட இணையதளம் எதையும் திறக்க வேண்டியதில்லை. மே, ஜூன் மாதங்களில் பணிமாறுதல் கலந்தாய்வு முடிந்து ஆசிரியர்கள் வருவார்கள். மாறுதல் உத்தரவோடு வங்கி ஊழியர்கள், வருவாய்த் துறையினர், மின்வாரியத்தினர் வருவார்கள். டீக்கடையிலோ மளிகைக் கடையிலோ ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். "அந்தத் தெருவுல மேல் போர்ஷன் காலியா இருக்கு" என்று மாலைக்குள் தகவல் வந்துவிடும். போய் நின்றால் கேள்விகள் ஒரு வரிசையில் வரும். எத்தனை பேர்? சைவமா, அசைவமா? வேலை நிரந்தரமா? சொந்த ஊர் எது? கடைசிக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது இரு தரப்புக்கும் தெரியும். இத்தனையும் தாண்டி அட்வான்ஸ் பற்றிப் பேச்சு வரும் நேரத்தில், வந்தவர் தயங்கியபடி சொல்வார்: "எங்ககிட்ட ஒரு நாய் இருக்குங்க." அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

நாய் பிடிக்காது என்று யாரும் சொல்வதில்லை. "எங்களுக்கு ஒத்துவராதுங்க" என்பார்கள். வீட்டில் வயதானவர்கள் இருப்பதும், பேரக்குழந்தைக்கு வீசிங் இருப்பதும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வரும். பூனை என்றால் சகுனமும் சேர்ந்துகொள்ளும். கிளிக்கூண்டோடு வருபவரை மட்டும் எவரும் மறுப்பதில்லை. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியாது, கிளிக்காரருக்கும் தெரியாது.

இதை விலங்குகள்மீது பிரியமில்லாத ஊர் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு புதுக்கோட்டை மாவட்டத்துத் தச்சன்குறிச்சியில்தான் வழக்கமாக நடக்கிறது. இதே மாவட்டத்தின் விராலிமலையில் 2019 ஜனவரி 20 அன்று ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்று பதிவு செய்தார்கள். வாடிவாசலுக்குப் போகும் காளைக்குப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் கொடுத்து, குளத்தில் நீந்தவிட்டு, வீட்டுப் பிள்ளையாக வளர்க்கிறார்கள். அது செத்துப்போனால் பேனர் வைத்து, மாலை போட்டு, ஊர் கூடி அடக்கம் செய்கிறார்கள். இப்படிப்பட்ட பகுதியில் எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு பொமரேனியனுக்கு இடமில்லை என்றால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

வீட்டின் அமைப்பில் தேடலாம். செட்டிநாட்டின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஊர் இது. வலையப்பட்டி, மேலைச்சிவபுரி என்று சுற்றிலும் நகரத்தார் ஊர்கள். அங்குள்ள பழைய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ப் பின்தெருவில் முடியும் நீளத்துக்குள் மாட்டுக்கும் நாய்க்கும் பூனைக்கும் தனித்தனி எல்லை இருந்தது. யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அந்த வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை என்பதால் வாடகைக்கு வருவதும் அபூர்வம். வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் கீழே உரிமையாளர், மேலே குடித்தனக்காரர் என்று கட்டிய புதிய கான்கிரீட் வீடுகள். வெளிநாட்டில் உழைத்த பணத்திலோ ஓய்வூதியப் பணத்திலோ எழும்பிய மாடிகள். ஒரே கேட், ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி. மேலே குரைத்தால் கீழே தூக்கம் போகும். கொல்லையில் மாடு கட்டிய அதே குடும்பம்தான் இன்று மாடியில் நாய் வேண்டாம் என்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் என்ற பெயரைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ஜல்லிக்கட்டை நிறுத்தப் பார்த்தவர்கள் என்பார்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த வழக்கு அந்த வாரியத்தின் பெயரில்தான் இருக்கிறது. 2017 மெரினா போராட்டம், தமிழக அரசின் சட்டத் திருத்தம், அதைச் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு 2023 மே 18-இல் சொன்ன தீர்ப்பு என்று பின்கதை எல்லோருக்கும் மனப்பாடம். அதே வாரியம் 2015-இல் வேறொரு வேலையும் செய்தது. குடியிருப்போர் சங்கங்களுக்கும் அடுக்குமாடி உரிமையாளர் சங்கங்களுக்கும் அது வழிகாட்டு நெறிமுறைகளை அனுப்பியது. செல்லப்பிராணி வளர்க்கச் சங்கங்கள் தடை போடக் கூடாது. பெரும்பான்மையினர் கூடித் தீர்மானம் போட்டாலும் அந்தத் தடை செல்லாது. நாயோடு வருவதற்காக லிஃப்டுக்குத் தனிக்கட்டணம் வாங்கவும் கூடாது என்றது. 1962-இல் சென்னையில், ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய வாரியம் அது. இப்போது தலைமையகம் ஹரியானாவில் இருக்கிறது.

கேரள உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே போனது. குடியிருப்புச் சங்க விதிகளிலோ ஒப்பந்தங்களிலோ செல்லப்பிராணிகளைத் தடுக்கும் பிரிவு இருந்தால் அது செல்லாது; செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்ற அறிவிப்புப் பலகைகளையும் வைக்கக் கூடாது என்றது. அதே நீதிமன்றம் ஊரடங்கு காலத்தில், 2020 ஏப்ரலில், தன் வீட்டுப் பூனைகளுக்கு உணவு வாங்கப் போக அனுமதி கேட்டு வந்தவருக்கும் அனுமதி கொடுத்தது. அந்தத் தீர்ப்புக்கு மேற்கோளாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று நம் ஜல்லிக்கட்டுத் தடைத் தீர்ப்பு. காளைக்காக எழுதியது பூனைக்குப் பயன்பட்டிருக்கிறது.

ஆனால் பொன்னமராவதிக்கு இவற்றால் பயன் குறைவு. வாரியத்தின் கடிதம் அடுக்குமாடிச் சங்கச் செயலாளருக்கு எழுதியது. இங்கே சங்கமும் கிடையாது, செயலாளரும் கிடையாது. முடிவெடுப்பவர் கீழ்வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கார அம்மா. தன் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்று தீர்மானிக்க அவருக்கு உரிமை உண்டு. நாய் வைத்திருப்பவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. அப்படியொரு சட்டம் வந்தாலும் இங்கே நிற்காது. "வீடு நேத்தே பேசி முடிஞ்சிருச்சுங்க" என்ற ஒரு பதிலுக்கு எந்த நீதிமன்றத்திலும் பரிகாரம் கிடையாது.

எனவே வீட்டுக்காரரின் பயத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். விலங்குகள்மேல் அன்புள்ளவர்கள் எழுதும் கட்டுரைகளில் அவர் எப்போதும் கல்நெஞ்சக்காரராகவே வருவார். அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. கணவனும் மனைவியும் காலை எட்டரைக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கு. பூட்டிய வீட்டுக்குள் நாய் மாலை வரை ஊளையிடுகிறது. வடகமும் மிளகாயும் காயப்போடும் மொட்டைமாடியில் அது சிறுநீர் கழிக்கிறது. தேக்குக் கதவைப் பிராண்டி வைக்கிறது. குளியலறைக் குழாயை முடி அடைக்கிறது. காலி செய்து போகும்போது பெயின்ட் அடிக்க ஆகும் செலவை அட்வான்சில் கழித்தால் அதற்கும் தகராறு. மாத வாடகையை நம்பித் தனியாக வாழும் ஓர் அம்மாவுக்கு இது சின்ன விஷயமல்ல. கடித்துவிட்டால் யார் பொறுப்பு என்ற பயமும் இருக்கிறது. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் 2024 மே மாதம் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர்கள் குதறிய செய்தியைப் பார்க்காத வீடு தமிழ்நாட்டில் இல்லை.

நாய் வளர்ப்பவர்கள்மீதும் குறை இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமையின் வெயிலில், பத்துக்குப் பத்து அறையில், பனிநாட்டு இனத்தை வளர்க்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நாட்டு இனம் என்று ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ வாங்குபவர்களும் யோசிப்பதில்லை. ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல்தலை வெளியிட்டு நாடு மரியாதை செய்திருக்கிறது. அதற்காக அது மாடி போர்ஷனுக்கு ஏற்ற நாய் ஆகிவிடாது. சிப்பிப்பாறை முயல் துரத்தப் பிறந்தது. ஓட இடமில்லாவிட்டால் அது கதவைத்தான் கடிக்கும்.

இதைவிட மோசமான பழக்கம், சொல்லாமல் குடிவருவது. பால் காய்ச்சும் நாளில் நாய் சித்தப்பா வீட்டில் இருக்கும். பத்து நாள் கழித்து இரவோடு இரவாக வந்து சேரும். முதல் குரைப்பிலேயே வீட்டுக்காரர் தான் ஏமாந்ததைத் தெரிந்துகொள்வார். அடுத்து நாயோடு வரும் நேர்மையான குடும்பத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

வீடு கிடைக்காதபோது என்ன நடக்கிறது என்பதுதான் இதைக் குடும்பப் பிரச்சினை என்ற அளவில் விட்டுவிட முடியாமல் செய்கிறது. பணியில் சேர வேண்டிய தேதி நெருங்குகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்துவிட்டது, வீடும் நாய் இல்லாவிட்டால் கிடைக்கும். முதலில் உறவினர் வீடு, பிறகு தெரிந்தவர் தோட்டம் என்று கேட்டுப் பார்ப்பார்கள். எதுவும் அமையாவிட்டால் ஊர் எல்லையில் இறைச்சிக் கடை பக்கமாக இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புவார்கள். வளர்ப்பு நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டே ஐந்தாறு குட்டிகள்.

இப்படி விட்டுவிட்டுப் போவது குற்றம். பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு தண்டிக்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாகியும் அந்தத் தொகை மாறவில்லை. பொன்னமராவதியில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் அதைவிடக் கூடுதலாக ஆகும்.

தமிழ்நாட்டில் 2024-இல் சுமார் 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றார்கள். ரேபிஸ் நோயால் 43 பேர் இறந்தார்கள். தெருநாய் விவகாரத்தில் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே பதினொரு நாள் இடைவெளியில் ஓர் உத்தரவு போட்டு, அதைத் திருத்தியும் போட்டது. நாட்டையே இரண்டாகப் பிரித்த அந்த விவாதத்தில் கருத்தடை, காப்பகம், உணவளிப்பவர்கள் என்று எல்லாம் பேசினார்கள். வீட்டு நாய் தெருவுக்கு வருவதற்கான ஒரு வழி வாடகை வீட்டு வாசலில் இருக்கிறது என்பது மட்டும் அவ்வளவாகப் பேச்சுக்கு வரவில்லை.

தமிழர்கள் வாழும் பிற நாடுகள் இந்தச் சிக்கலை எப்போதோ சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டன. பிரான்சில் 1970 ஜூலையில் வந்த சட்டப்படி, வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணிக்குத் தடை என்று எழுதினால் அது எழுதாததற்குச் சமம். ஆபத்தான நாய் இனங்களுக்கு மட்டும் விலக்கு. ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோ நகரம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. ஆனாலும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் விண்ணப்பத்தை நிராகரிக்க அங்குள்ள வீட்டுக்காரருக்கு வழி உண்டு. "ஒத்துவராதுங்க" என்பதற்கு அங்கேயும் ஒரு சொல் இருக்கும். இங்கிலாந்தில் 2025 அக்டோபரில் சட்டமான வாடகைதாரர் உரிமைச் சட்டம் கொஞ்சம் வேறு வழியில் போகிறது. நாய் வளர்க்க அனுமதி கேட்டு வாடகைதாரர் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் 28 நாட்களுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். தக்க காரணமில்லாமல் மறுக்கக் கூடாது. 2026 மே முதல் நடைமுறை என்று அறிவித்தார்கள்.

சிங்கப்பூரின் கதைதான் இந்த மாவட்டத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது; இங்கிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அந்த நாட்டு மக்களில் பெரும்பாலோர் வசிக்கும் அரசு வீட்டுவசதி வாரிய அடுக்கங்களில் 1989 முதல் பூனைக்குத் தடை. தடை இருந்த காலம் முழுவதும் பூனைகளும் இருந்தன, ஒளிவாக. கடைசியில் 2024 செப்டம்பர் 1 முதல் அரசு அனுமதித்தது. வீட்டுக்கு இரண்டு பூனை. உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். ஜன்னலுக்கு வலை போட வேண்டும். நாய் என்றால் அனுமதித்த சிறிய இனங்களில் ஒன்றே ஒன்று. இது கறாரான விதிதான். ஆனால் வீட்டில் இருப்பது என்ன, எத்தனை, யார் பொறுப்பு என்பது இப்போது காகிதத்தில் இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுத் தடையால் கிடைக்காத கட்டுப்பாடு அது.

தமிழ்நாட்டிலும் காகிதம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புற வாடகை எதுவானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. எந்தப் பழுதை யார் சரிசெய்வது என்றுகூடப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள்; குழாய்க்கு வாஷர் மாற்றுவது வரை அதில் வருகிறது. நாயும் பூனையும் வரவில்லை. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் பதினொரு மாதப் பத்திரம் எழுதுபவர் என்ன தட்டச்சு செய்கிறாரோ அதுவே விதி. அவர் கணினியில் உள்ள பழைய மாதிரியில் நாயைப் பற்றி ஒன்றுமே இருக்காது, அல்லது "வளர்க்கக் கூடாது" என்று ஒரே வரி இருக்கும்.

அந்த ஒற்றை வரியின் இடத்தில் ஒரு பத்தி எழுதினால் போதும், பாதிச் சண்டை வராது. என்ன விலங்கு, எத்தனை, கடைசியாக ரேபிஸ் தடுப்பூசி போட்ட தேதி என்ன என்பதை எழுதலாம். மொட்டைமாடிக்கும் பொதுப் படிக்கட்டுக்கும் சங்கிலி இல்லாமல் வராது என்று எழுதலாம். கதவு, சுவர் சேதத்துக்கென்று ஒரு மாத வாடகையைத் தனி அட்வான்சாக வாங்கிக்கொண்டு, சேதமில்லாவிட்டால் முழுதாகத் திருப்பித் தருவதாக எழுதலாம். யாரையாவது கடித்தால் சிகிச்சைச் செலவு வளர்ப்பவருடையது என்றும் சேர்க்கலாம். நாயைக் கவனமின்றி விட்டு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இது புதிய சுமையல்ல. புகார் வந்தால் உடனே காலி செய்யச் சொல்லாமல், எழுத்தில் சொல்லி ஒரு மாதம் அவகாசம் தருவதாக வீட்டுக்காரரும் ஒப்புக்கொள்ளலாம்.

நாயோடு குடிவருகிறவர்கள் காகிதத்துக்கு முன்பே சிலவற்றைச் செய்யலாம். பழைய வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, "அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்பதைவிட வலுவான சிபாரிசு இந்த ஊர்ப் பக்கம் வேறில்லை. தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் நாளை ஒட்டி அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே ரேபிஸ் ஊசி போடுகிறார்கள். 1885-இல் அதே தேதியில்தான் லூயி பாஸ்தர் ரேபிஸ் தடுப்பூசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டார். ஊருக்குள் மாடி போர்ஷனையே தேடாமல், ஊரை ஒட்டிய புதிய மனைப்பிரிவுகளில் தனிவாசல் உள்ள கீழ்வீடு கிடைக்குமா என்று பார்க்கலாம். வாடகை சற்றுக் குறைவாகவும் இருக்கும், நடை சற்றுக் கூடும். பூனையைப் புது வீட்டுக்குக் கொண்டுவந்தால் இரண்டு மூன்று வாரம் வெளியே விடாமல் வைத்திருப்பது நல்லது. இல்லையேல் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடும். பயணமும் எளிதல்ல. ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கேபினையோ கூபேயையோ முழுதாகப் பதிவு செய்தவர்கள்தான் நாயைக் கூடவே அழைத்துச் செல்லலாம். மற்றவர்களுடைய நாய் கார்டு பெட்டியின் கூண்டில் வரவேண்டும். புதுக்கோட்டையிலோ காரைக்குடியிலோ இறங்கிய பிறகு பொன்னமராவதி வரை வேன்தான்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு யோசனை. நாய் வளர்க்கும் குடும்பம், வீடு கிடைத்த அருமை தெரிந்ததால், எளிதில் காலி செய்யாது. அடுத்தடுத்து ஆள் மாறும் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு பிராண்டிய கதவு பெரிய நஷ்டமல்ல.

தமிழக அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான். வாடகை ஒப்பந்தத்தைப் பதியும் படிவத்தில் உரிமையாளர் பெயர், வாடகைதாரர் பெயர், வாடகைத் தொகை, வீட்டில் விட்டிருக்கும் பொருட்கள் ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறது. அதோடு செல்லப்பிராணி உண்டா, என்ன நிபந்தனை என்று ஒரு கட்டம் சேர்த்து, மேலே சொன்னதுபோல் ஒரு மாதிரிப் பத்தியையும் தமிழில் வெளியிட்டால், பத்திரம் எழுதுபவரின் கணினிக்கு அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். இது பெரிய வேலையல்ல. அடுத்த கலந்தாய்வு தொடங்கும் முன்பே வீட்டுவசதித் துறை இதைச் செய்து முடிக்கலாம்.